விடுகைப் பத்திரம் இல்லாத பேய்கள்

“விடுகைப் பத்திரம் கொண்டு வந்தனீரோ?” என்று புளியமரத்தில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு அதிபர் வேதாளம் கேட்கிற இடத்தில் நான் ‘பேய்ப் பள்ளிக்கூடத்துக் கடைசி வாங்கு’ என்ற சிறுவர் கதைப் புத்தகத்தை மடித்து மடியில் வைத்துவிட்டேன். பஸ் மாங்குளம் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. யுத்தம் முடிந்து 2010 இல் மீள்குடியேறி வந்து, தகரக் கொட்டிலில் பள்ளிக்கூடம் திரும்பத் தொடங்கிய முதல் கிழமை, அதே கேள்வியை நானும் பிள்ளைகளிடம் கேட்டிருக்கிறேன். பழைய பள்ளிக்கூடத்தை விட்டு வந்ததற்கான அந்தப் பத்திரத்துக்குச் சேர்வுப் படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது, நிரப்பத்தான் வேண்டும். தரம் 3 இல் சேர வந்த ஒரு பிள்ளை, “அது பங்கருக்குள்ள விடுபட்டுப் போச்சு ரீச்சர்” என்றாள். அழவில்லை. குடையை மறந்துவிட்டு வந்ததைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

‘பேய்ப் பள்ளிக்கூடத்துக் கடைசி வாங்கு’ எழுதிய பிள்ளையும் அப்படி ஒரு தகரக் கொட்டிலில் படித்தவர்தான். இப்போது முன்பள்ளியில் படிப்பிக்கிறார். பெயர் போட வேண்டாம் என்றதால் அட்டையில் ‘எழுதியது: ஒரு வன்னிப் பிள்ளை’ என்று மட்டும் இருக்கிறது. நானும் அதற்கு மேல் சொல்லவில்லை. ஏ4 தாளை இரண்டாக மடித்து நடுவில் பின் அடித்த 96 பக்கப் புத்தகம், விலை 650 ரூபாய். படங்கள் பென்சிலால் கீறியவை. எட்டு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரைக்கும் என்று பின்னட்டையில் எழுதியிருக்கிறார்.

அந்த வயதைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. எங்கள் வாசிகசாலை அலுமாரியில் அந்த வயதுப் பிள்ளைக்கு என்ன இருக்கிறது என்று போன மாதம் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். புலமைப்பரிசில் வினாத்தாள் தொகுப்புகள் ஒரு தட்டு நிறைய. நரியும் காகமும் வரும் நீதிக்கதைகள் ஒரு தட்டு, அவற்றைத் தரம் 2 பிள்ளையே வாசித்து முடித்திருக்கும். அதற்கு மேல் தட்டில் பெரியவர்கள் வாசிக்கிற நாவல்கள். நடுவில் ஒன்றும் இல்லை. பத்து வயதுப் பிள்ளை கையில் எடுத்து, இரவு சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாலும் எழும்பாமல் வாசிக்கிற மாதிரியான, நீளமான, பயமும் ஓட்டமும் உள்ள ஒரு கதை தமிழில் வேண்டும் என்று இருபது வருடமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறேன். அதனால் இந்தப் புத்தகத்தை அன்போடுதான் கையில் எடுத்தேன். குறைகளைச் சொல்லப்போவதும் அதே அன்பில்தான்.

கதை இதுதான். காட்டுக்குள் தூர்ந்துபோன ஒரு குளம். தண்ணி திறந்துவிடும் அதன் துருசுக்குக் கீழே பேய்களின் பள்ளிக்கூடம். செக்கலில் மணி அடிக்கும், சேவல் கூவ வீட்டுக்கு விடுவார்கள். முனி, மோகினி, கொள்ளிவாய்ப் பேய், காட்டேறி, குறளி எல்லாரும் தங்கள் தங்கள் வித்தையைப் படிக்கிறார்கள். வருட முடிவில் பயமுறுத்தல் சோதனை. தவறினால் மரத்தோடு வைத்து ஆணி அடித்துவிடுவார்கள். கடைசி வாங்கில் இருப்பவர்கள் நாலு பேர். பனை உயரம் நிற்க வேண்டிய முனிக் குலத்தில் முழங்கால் உயரத்துக்கு மேல் வளராத குட்டையன். வாயில் நெருப்பு வராமல் புகை மட்டும் வருகிற கொள்ளிவாய்ப் பிள்ளை, அவளுக்குப் பெயர் புகையி. இரத்தத்தைக் கண்டால் மயங்கி விழுகிற காட்டேறி. எத்தனையோ உருவம் எடுத்து எடுத்து, தன் சொந்த உருவம் எது என்று மறந்துபோன குறளி. ஐந்தாவதாக, பாலைப்பழம் பொறுக்க வந்து வழி தவறிய மனிதப் பிள்ளை ஒருத்தி வந்து சேர்கிறாள். ஊருக்குப் புதிது, மூன்று பள்ளிக்கூடம் மாறியவள். கையில் பத்திரம் இல்லாதவர்கள் எல்லாரும் கடைசி வாங்குக்குத்தான் என்று அதிபர் அவளையும் அங்கே அனுப்புகிறார். கதை முடியும்வரை அவளுக்குப் பெயர் கிடையாது. பேய்கள் ‘புதுப் பிள்ளை’ என்றுதான் கூப்பிடுகின்றன.

மயங்கி விழும் காட்டேறியை நான் இரசிக்கவில்லை. அந்த வேடிக்கை எங்கேயும் பார்க்கக் கிடைப்பது. வந்து வந்து விழுகிறான், அவ்வளவுதான். மற்ற மூவரும் வேறு தரம். அதிலும் அதிபர் வேதாளத்தை நினைத்து எழுதியிருக்கிற விதம்! அவர் நூற்றாண்டுக் கணக்கில் தலைகீழாகத் தொங்குகிறவர், அதனால் பிள்ளைகளையும் தலைகீழாகத்தான் பார்க்கிறார். புள்ளிப் பட்டியலையும் தலைகீழாகத்தான் வாசிக்கிறார். அது ஒருவருக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. புதுப் பிள்ளை முதல் நாளே கண்டுபிடித்துவிடுகிறாள், ஆனால் புதிதாக வந்த பிள்ளை வாய் திறக்கலாமா என்று 30 பக்கம் யோசிக்கிறாள். இடம் மாறிப் படித்த பிள்ளைகளை அறிந்தவர்களுக்கு அந்த 30 பக்கமும் விளங்கும்.

“பேய்க்கதை என்ன கதை, இது எங்கட பண்பாடே?” என்று வாசிகசாலைக்கு வந்த ஒரு தகப்பன் கேட்டார். அவருக்குச் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சயங்கொண்டார் பாடிய கலிங்கத்துப்பரணியில் காளியின் கோயிலைச் சுற்றி நிற்கிற பேய்களைப் பார்த்தால், அங்கே நொண்டிப் பேய் இருக்கிறது, குருட்டுப் பேய் இருக்கிறது, ஊமைப் பேயும் செவிட்டுப் பேயும் குள்ளப் பேயும் கூன் பேயும் இருக்கின்றன. எல்லாம் ஒரே கூட்டம், எல்லாருக்கும் கூழ். அதே நூலில் காளியின் கோபத்துக்குப் பயந்து இமயத்துக்கு ஓடிய ஒரு கிழட்டுப் பேய், அங்கே உருத்திர யோகினியிடம் இந்திரசாலம் படித்துத் திரும்பி வந்து காளிக்கு முன்னால் செய்து காட்டுகிறது. பேய் பள்ளிக்கூடம் போன கதை எங்களிடம் எப்போதோ இருக்கிறது.

இன்னொன்றையும் அவருக்குச் சொன்னேன். தன்னைக் காரைக்காற் பேய் என்றே சொல்லிக்கொண்ட அம்மையார், திருவாலங்காட்டுப் பதிகத்தில் ஒரு பேய்க் குழந்தையைக் காட்டுகிறார். தாய்ப் பேய் பிள்ளைக்குக் காளி என்று பெயர் வைத்து, புழுதி துடைத்து, பால் கொடுத்துவிட்டுப் போகிறது. போன தாயைக் காணாமல் பிள்ளை அழுது அழுது உறங்கிவிடுகிறது. இதை உயர்தர வகுப்புக்குப் படிப்பித்த ஒரு வருடம் என்னால் அந்த வரியைத் தாண்ட முடியவில்லை. வகுப்பும் எதுவும் கேட்கவில்லை. அந்தத் தகப்பன் கேட்டுக்கொண்டு நின்றார், பிறகு தன் மகளின் பெயரைச் சனிக்கிழமை வாசிப்புப் பட்டியலில் எழுதிவிட்டுப் போனார்.

இனி, இந்தப் புத்தகத்தில் எனக்குக் கோபம் வந்த இடம்.

முதல் அச்சில் 9ஆம் பக்கத்தில் புதுப் பிள்ளை காட்டு விளிம்பில் ஒரு சிவப்புப் பலகையைக் காண்கிறாள். மண்டையோடு கீறிய பலகை. பேய்களுக்கு அதுதான் பள்ளிக்கூடத்துப் பெயர்ப் பலகை. மனிதர் ஒருவரும் அதைத் தாண்டி வராததால்தான் இத்தனை வருடம் பள்ளிக்கூடம் நிம்மதியாக நடக்கிறது. இந்தக் கற்பனை வன்னியில் வளர்ந்த ஒருவருக்குத்தான் வரும். வாசித்தபோது உடம்பு ஒருமுறை சிலிர்த்தது. ஆனால் அடுத்த வரியிலேயே அந்தப் பிள்ளை பலகைக்குக் கீழால் குனிந்து உள்ளே போகிறாள்.

போகக்கூடாது. கதையிலும் போகக்கூடாது. மிதிவெடி அகற்றும் வேலை எங்கள் பக்கத்தில் இன்னும் முடியவில்லை. விறகுக்கும் பழத்துக்கும் தேனுக்கும் காட்டுக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகளுக்கு, அந்தப் பலகைக்கு அப்பால் கால் வைக்காதே என்பது அம்மா அப்பாவுக்கு அடுத்ததாகச் சொல்லிக் கொடுத்த சொல். அப்பால் போனால் அற்புதமான ஒரு உலகம் இருக்கிறது என்று ஒரு நல்ல கதை சொன்னால், கதை நல்லதாக இருப்பதே ஆபத்து. நான் பிள்ளைகளுக்கு அந்தப் பக்கத்தை வாசிக்கவில்லை. புத்தகத்தை மூடிவிட்டு, அன்று பின்னேரமே சைக்கிளை எடுத்துக்கொண்டு எழுதியவர் வீட்டுக்குப் போனேன்.

அவர் வாதாடவில்லை. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் இருந்தார். “நான் அந்தப் பலகைக்கு இந்தப் பக்கம் நிண்டு நிண்டு பாத்த ஆள் ரீச்சர். உள்ளுக்க என்ன இருக்கெண்டு நினைச்சு நினைச்சுத்தான் இந்தக் கதையே வந்தது” என்றார். பிறகு பேனையை எடுத்தார். இரண்டாம் அச்சில் புதுப் பிள்ளை பலகையைக் கண்டதும் நிற்கிறாள், வந்த காலடியிலேயே திரும்புகிறாள். குளக்கட்டுக்குப் போகும் பழைய வண்டிப் பாதையில் பின்னால் வந்து கூட்டிப்போவது குட்டையன். பலகை பெயர்ப் பலகையாகவே தூரத்தில் நிற்கிறது. கதைக்கு ஒரு குறையும் வரவில்லை, அவள் நிற்கிற அந்த ஒரு நிமிடத்தால் பயம் கூடித்தான் இருக்கிறது. வாங்குபவர்கள் 9ஆம் பக்கத்தைப் புரட்டிப் பார்த்து, ‘வந்த காலடியிலேயே திரும்பினாள்’ என்ற வரி இருக்கிற பிரதியை வாங்குங்கள். பழைய பிரதிகள் சில இன்னும் கைமாறிக்கொண்டு திரிகின்றன.

புத்தகத்தின் உயிர் 64ஆம் பக்கத்திலிருந்து 83ஆம் பக்கம் வரை. மழை பிடிக்கிறது, தூர்ந்த குளம் நிறைகிறது, கட்டு பழசு. கட்டு உடைந்தால் கீழே பள்ளிக்கூடமும் போகும், அதற்கும் கீழே ஊரும் போகும். வெளிச்சரிவில் ஒரு கசிவு. புதுப் பிள்ளை தண்ணியை உள்ளங்கையில் ஏந்தி ரோச் வெளிச்சத்தில் பார்க்கிறாள். கலங்கியிருக்கிறது. அவளுடைய அப்பப்பா சொன்னது அவளுக்கு நினைவு வருகிறது: தெளிந்த தண்ணி கசிந்தால் பார்த்துக்கொண்டிருக்கலாம், கலங்கின தண்ணி வந்தால் கட்டின் வயிற்றுக்குள்ளே மண் கரைகிறது. இது உண்மை. என் அப்பா கமக்காரன். 2018 மார்கழியில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்த அந்த இரவுகளில், கட்டில் நின்ற ஆக்கள் ரோச் அடித்துப் பார்த்ததும் தண்ணியின் நிறத்தைத்தான். 

கசிகிற வாயைக் குறளி அடைக்கிறது. தண்ணிப் பக்கத்தில் இறங்கி, களிமண் உருண்டையாக மாறி, துளைக்குள் தன்னை அப்பிக்கொள்கிறது. ஆனால் தண்ணி இன்னும் ஏறுகிறது, கட்டில் அகழான் தோண்டியதும் முள்ளம்பன்றி தோண்டியதுமாக எத்தனை பொந்து என்று ஒருவருக்கும் தெரியாது. தண்ணி அந்தப் பொந்துகளைத் தொட இன்னும் ஒரு முழம்தான். நெருப்பு வாய்ப் பேய்கள் எல்லாம் வந்து ஊதிப் பார்க்கின்றன. நெருப்பு என்ன செய்யும்? மழையில் அணைகிறது. அப்போது புகையி வெளிப்பக்கத்துப் பொந்து ஒன்றில் வாயை வைத்து ஊதுகிறாள். ஒன்றும் இல்லை. திரும்பவும் ஊதுகிறாள். மறுபக்கத்தில், தண்ணிக்கு மேலே ஒரு முழத்தில், மூன்று இடத்திலிருந்து மெல்லப் புகை எழும்புகிறது. எந்தப் பொந்து எங்கே போய்த் திறக்கிறது என்பது எல்லாருக்கும் தெரிந்துவிடுகிறது. களிமண்ணோடு உள்ளே ஊர்ந்து போகக்கூடிய உடம்பு அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒருவனுக்குத்தான் உண்டு.

இதை நான் வாசித்த சனிக்கிழமை, வாசிகசாலையின் தகரத்தில் உண்மையாகவே மழை அடித்துக்கொண்டிருந்தது. சத்தத்துக்கு மேலால் கத்தி வாசித்தேன். வீட்டுக்குப் போக வேண்டிய பிள்ளைகள் போகவில்லை. எலிப் பொந்துக்குப் புகை போட்டு எலி பிடிக்கிற வீட்டுப் பிள்ளைகள் அவர்கள், புகை மறுபக்கம் வருவதை வயலில் கண்டவர்கள். “அங்கால வரும், அங்கால வரும்” என்று ஒருவன் வாங்கில் ஏறி நின்றான்.

அதற்குப் பிறகு வருகிற 81ஆம் பக்கம்தான் புத்தகத்திலேயே எனக்குப் பிடித்த பக்கம். ஆபத்துத் தீர்ந்ததும் குறளியை வெளியே வரச் சொல்கிறார்கள். எந்த உருவத்தில் வருவது என்று அதற்குத் தெரியவில்லை. நண்பர்கள் நாலு பேரும் தாங்கள் கண்ட குறளி எப்படி இருந்தது என்று சொல்கிறார்கள், நாலு பேர் சொல்வதும் நாலு விதம். அது எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறது. ஒன்றையும் எடுக்கவில்லை. பாதி மண்ணாக, பாதி ஈரமாக அப்படியே எழும்பி வந்து அவர்களுக்குப் பக்கத்தில் குந்திக்கொள்கிறது. அவ்வளவுதான். எழுத்தாளர் அந்தப் பிள்ளையை அப்படியே இருக்க விட்டார்.

அதே கைதான் கடைசி மூன்று பக்கத்தில் எல்லாவற்றையும் திருத்த ஓடுகிறது. குட்டையன் ஒரே இரவில் பனை உயரத்துக்கு வளர்கிறான். புகையியின் வாயில் நெருப்பு வருகிறது. காட்டேறிக்கு மயக்கம் தெளிந்துவிடுகிறது. எனக்கு மனம் விட்டுப்போனது. குட்டையாக இருந்ததால்தானே பொந்துக்குள் போனான்? புகை என்பதால்தானே பொந்து தெரிந்தது? குணமாக்கினால்தான் கதை முடியும் என்று யார் சொன்னது? 27 வருடம் படிப்பித்ததில் கடைசி வாங்கில் இருந்த பிள்ளைகள் பலரைக் கண்டேன். அவர்களில் ஒருவரும் ஒரே இரவில் பனையாகவில்லை, ஆக வேண்டிய தேவையும் இருக்கவில்லை. வாசித்து முடித்ததும் நான் வாய் திறக்க முதல் ஒரு சின்னப் பெண், “அவன் குட்டையாவே இருந்திருக்கலாம், இப்ப எங்களோட எப்பிடி வாங்கில இருப்பான்?” என்று கேட்டாள். இதை எழுதியவரிடம் அப்படியே சொல்லியிருக்கிறேன். மூன்றாம் அச்சுக்கு யோசிக்கிறேன் என்றார்.

இன்னொரு பிழையையும் பிள்ளைகள்தான் பிடித்தார்கள். புதுப் பிள்ளை பாலைப்பழம் பொறுக்க வருகிறாள். பாலை பழுப்பது வைகாசி, ஆனியில். வந்து ஒரு கிழமைக்குள் அடைமழை, குளம் நிரம்பி வான் பாய்கிறது. “பாலைப்பழக் காலத்தில வான் பாயாது ரீச்சர், அது காலபோகத்துக்கு” என்று, மாரிமழை நெல் விதைப்புக் காலத்தைச் சொல்லி, எட்டு வயதுப் பிள்ளை சொன்னான். வெளியூர் வாசகருக்கு இது தெரியாமல் போகலாம். இங்கே எழுதி இங்கே விற்கிற புத்தகத்தில் இருக்கக்கூடாது. பாலைப்பழத்தை எடுத்துவிட்டு விறகு என்று மாற்றினாலே போதும்.

மொழியில் ஒரு குறை. கதை சொல்கிற தமிழ் எங்கள் தமிழ், காதுக்கு இதமாக இருக்கிறது. முன் வாங்குப் பேய்கள் கேலி செய்யும்போது மட்டும் ‘என்னடா பண்றே, சும்மா இருடா’ என்று தொலைக்காட்சிக் கார்ட்டூனில் வருகிற மாதிரிப் பேசுகின்றன. இங்கே கேலி செய்கிற பிள்ளைக்கு வார்த்தைப் பஞ்சம் இல்லை. அந்த இடங்கள் சத்தமாக வாசிக்கும்போது நாக்கில் நிற்கவில்லை, நான் மாற்றி மாற்றித்தான் வாசித்தேன்.

அச்சு சுமார். போட்டோக்கொப்பி எடுத்த பென்சில் படங்களில் பாதி மங்கிவிட்டன. 47ஆம் பக்கத்தில் புகையியின் படம் முழுக்கக் கறுப்பு, மூக்கும் தெரியவில்லை. வேர்த்த கையால் பிடித்தால் மை விரலில் ஒட்டுகிறது. பின் இரண்டும் மழைக்காலத்தில் துரு ஏறும், நான் எங்கள் பிரதிக்கு நூலால் தைத்து, கலண்டர் மட்டையால் உறை போட்டிருக்கிறேன். 650 ரூபாய் கூடவா என்றால், இல்லை என்பேன். 2022 இல் தாள் இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையே தள்ளிப்போன நாடு இது. அதற்குப் பிறகு தாளின் விலை எப்படி என்று அப்பியாசக் கொப்பி வாங்குகிற எல்லாருக்கும் தெரியும். கொப்பி எடுத்த காசு போக அவர் கையில் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது.

வாங்குகிறவர்களுக்கு ஒன்று: தனியாக வாசிக்கக் கொடுப்பதைவிட நாலு பிள்ளைகளை இருத்தி, பங்கு பிரித்து வாசிக்கக் கொடுங்கள். எங்களிடம் ஒரு பிள்ளை இருக்கிறான், தரம் 6, திக்கித் திக்கித்தான் கதைப்பான், வாசிப்பு என்றால் கடைசி வரிசைக்குப் போய்விடுவான். புகையி பேசுகிற வசனங்கள் புகை புகையாக, இடைவெளி விட்டு விட்டு அச்சடித்திருக்கின்றன: ‘நான்… ஊதிப்… பாக்கட்டே…’ என்று. அவனாகவே கை நீட்டிப் புத்தகத்தை வாங்கினான். சுட்டுவிரலை வரிக்குக் கீழே வைத்து, புள்ளி உள்ள இடத்தில் நின்றான், புள்ளி இல்லாத இடத்திலும் நின்றான், எங்கே நின்றாலும் அது புகையிக்குச் சரியாகவே இருந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. அந்த அத்தியாயம் முடியும்வரை புத்தகம் அவன் கையிலேயே இருந்தது.

கிளிநொச்சியில் கண்டி வீதிப் பக்கம் கொப்பி எடுக்கிற கடையில் சொல்லி வைத்தால் இரண்டு நாளில் எடுத்துத் தருகிறார்கள். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு எழுதியவரே ஒரு மேசை போட்டு விற்கப்போவதாகச் சொன்னார். எங்கள் வாசிகசாலைப் பிரதி மூன்று கிழமையாகத் திரும்பி வரவில்லை. ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போய், இப்போது வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருப்பதாகக் கேள்வி. இன்னும் இரண்டு பிரதிக்குக் காசு கட்டியிருக்கிறேன்.